முப்பத்தாறு கிலோ

அந்த அக்காவை நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் பிசியோதெரபி அறையின் வாசலில். ஆயாவிடமிருந்து தண்ணீர் கேனைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். இருபது லிட்டர் கேன். ஆயாவும் விடவில்லை, இவரும் விடவில்லை. இவரது வலது கை தோளிலிருந்து ஈரத்துணி மாதிரி தொங்கியது. இடது கையாலேயே கேனை வாங்கி இடுப்பில் ஏற்றி, உள்ளே கொண்டுவந்து மூலையில் வைத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். வயசானவங்க தூக்குவதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது என்று என்னிடம் கேட்டார். ஆயாவுக்கும் அவருக்கும் ஏழெட்டு வயதுதான் வித்தியாசம். அவருக்கு அப்போது நாற்பத்தொன்று.

அப்போது நான் சேலத்தில் ஓர் எலும்பு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. தோள்பட்டை நோயாளிகளை நிறையப் பார்த்துவிட்டேன் என்று ஒரு நினைப்பு. கையைத் தூக்குங்கள் அக்கா என்றேன். அவர் உடம்பை ஒருபக்கம் சாய்த்து, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, வலது கையை ஊஞ்சல் போல மேலே வீசினார். மேலே போன கையை விழுவதற்குள் இடது கையால் எட்டிப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒன்றரை வருடமாக அந்தக் கையை அப்படித்தான் வைத்துக் காலம் தள்ளியிருக்கிறார்.

அவருக்கு ஊர் திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில். வீட்டை ஒட்டியே இருந்த ஒரு கோழிப்பண்ணையில் வேலை. முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குவது, தீவன மூட்டையைச் சுமந்து கொட்டுவது. கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வடநாட்டுப் பக்கம் போயிருந்தார். தீபாவளிக்கும் மாரியம்மன் நோம்பிக்கும்தான் ஊருக்கு வருவார். ஒரே மகள். பதினேழு வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறி, மூளைக்கு அடிபட்டுவிட்டது. கால்கள் வராது, கைகளும் சொன்னபடி கேட்காது. பேச்சு மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகத் தள்ளிக்கொண்டு வரும். அறிவில் ஒரு குறையும் இல்லை. காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை அந்தப் பெண்ணைத் தூக்குவதும் இறக்குவதும் அக்காதான். பண்ணையின் தராசில் அவளை உட்காரவைத்து மாதா மாதம் எடை பார்ப்பாராம். முப்பத்தாறு கிலோ. தீவன மூட்டையைவிடப் பதினாலு கிலோ கம்மி என்று பெருமையாகச் சொன்னார்.

கை போனதும் அவளைத் தூக்கும்போதுதான். குளியலறைப் படியில் கால் வழுக்கியது. மகளை விட்டிருந்தால் இவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. விடவில்லை. முப்பத்தாறு கிலோவும் ஒற்றைக் கையில் இறங்க, தோளுக்குள் ஏதோ அறுகிற சத்தம் அவருக்கே கேட்டதாம். எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போட்டார். பிறகு ஏதோ ஊரில் இரண்டு ஊசி. மறுநாளே மூட்டை தூக்கினார்.

அடுத்தவர் கையில் எதைப் பார்த்தாலும் வாங்கிக்கொள்வார். பேருந்தில் நிற்பவரின் பை, நடக்க முடியாத நோயாளியின் எக்ஸ்ரே உறை, என் கையிலிருக்கும் கோப்புகள். "குடு சாமி" என்று நீட்டிய கைக்கு மறுப்பு சொல்ல முடியாது. ஆனால் அவர் கையில் இருக்கிற ஒரு சின்ன மஞ்சள் பையைக்கூட நாம் வாங்க முடியாது. வாங்கப் போனால் முகம் மாறிவிடும். பண்ணையில் மற்றப் பெண்கள் பாவம் பார்த்து இரண்டு நடை தீவனம் கொட்டிக் கொடுத்தால், மறுநாள் இவர் அவர்களுக்கு நான்கு நடை கொட்டிவிடுவாராம். பக்கத்து வீட்டுப் பெண் மகளைத் தூக்க ஒத்தாசைக்கு வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுவார். பதினேழு வருடத்தில் மகளைத் தூக்கிய வேறு கை ஒன்று உண்டா என்று நான் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பிறந்தபோது நர்ஸ் தூக்கிக் கொடுத்தாள் என்றார்.

ஸ்கேன் படம் வந்த அன்று மருத்துவர் என்னையும் உடன் இருக்கச் சொன்னார். அவர் அதிகம் பேசாதவர். பொய்யான நம்பிக்கை கொடுக்கமாட்டார். மேசையில் ஒரு பிளாஸ்டிக் தோள்பட்டை இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிக் காட்டி எல்லாம் சொன்னார். கையை மேலே தூக்குகிற தசைநாண்கள், எங்கள் பக்கம் ஜவ்வு என்போமே, அதில் இரண்டு முழுதாக அறுந்து சுருங்கி உள்ளே போய்விட்டன. அறுந்த உடனே வந்திருந்தால் இழுத்துவைத்துத் தைத்திருக்கலாம். இப்போது தசையே பாதி கொழுப்பாகிவிட்டது. எட்டுகிற அளவுக்குத் தைத்தால் வலி குறையும், கை ஏறும் என்று சொல்ல முடியாது. தொடையிலிருந்து ஒரு பட்டை எடுத்து எலும்புக்கு மேல் கூரை மாதிரி கட்டலாம். அதற்கும் மிச்சத் தசையில் உயிர் இருக்க வேண்டும், இவருக்குக் குறைவு. இன்னொன்று, முதுகிலிருந்து ஒரு தசையை அடியோடு எடுத்துவந்து தோளில் கட்டுவது. முதுகில் செய்த வேலையை அது மறந்து, தோளில் புது வேலையைப் பழக வேண்டும். உங்கள் வயதுக்கு இதுதான் சரி என்றார். ஆறு வாரம் கையைச் சட்டத்தில் கட்டி வைக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அதுக்குப் பொறவு என்ற புள்ளையத் தூக்கலாமுங்களா?"

கை தலைக்கு மேல் போகும், வலி இருக்காது, சீப்பெடுத்துத் தலை வாரலாம், சமைக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். அக்கா அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். அந்த எடைக்குத் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார் மருத்துவர். வார்த்தையை மெதுவாகத்தான் சொன்னார்.

வேறு ஏதும் இல்லையா என்று அக்கா கேட்டதற்கு, இரும்பு மூட்டு ஒன்று இருக்கிறது, அது எழுபது வயதுக்காரர்களுக்கு என்றார். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற கைக்கு அது தாங்கும். உழைக்கிற கையில் வைத்தால் பத்து வருடத்தில் ஆட்டம் காணும், பிறகு மாற்றி வைக்க எலும்பு மிஞ்சாது. நீங்கள் இன்னும் சின்ன வயசு அம்மா என்றார். வயது குறைவாக இருப்பதை ஒரு குற்றம்போலச் சொல்லிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

"பத்து வருசம் போதுமுங்க," என்றார் அக்கா. "அவ இருவத்தஞ்சு வரைக்கும் இருந்தாலே பெருசுன்னு ஒரு டாக்டர் முந்தியே சொல்லிட்டாருங்க. அவ இருக்கற வரைக்கும் இந்தக் கை இருந்தாப் போதும். அப்பறம் இதை வச்சு நான் என்ன பண்ணப் போறேன்?"

மருத்துவர் பிளாஸ்டிக் தோள்பட்டையை மேசையில் வைத்தார். அவர் அந்த இரும்பு மூட்டைப் பொருத்த ஒப்பவில்லை. அக்கா எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். ஒரு கையால் எப்படிக் கும்பிடுவது? தொங்கும் கையை இடது கையால் எடுத்துச் சேர்த்துவைத்துக் கும்பிட்டார்.

இரண்டு மாதம் ஆளைக் காணோம். நானே மூன்று தடவை போன் செய்தேன். பண்ணையில் வேலை அதிகம் என்று சொல்லிவிடுவார். மூன்றாவது மாதம் ஒரு வேனில் வந்து இறங்கினார். மகளும் வந்திருந்தாள். அவளை ஒரு சேலையில் முதுகோடு கட்டி அப்படியே இறங்கினார். வேன் ஓட்டுநர் கைகொடுக்க வந்து, அக்காவின் பார்வையைப் பார்த்துப் பின்வாங்கினார். வந்தது வலது கைக்காக இல்லை. இப்போது இடது தோளும் வலிக்கிறது என்றார். சோதித்துப் பார்த்தேன். அங்கேயும் ஜவ்வு அறுந்துபோக ஆரம்பித்திருந்தது.

அக்காவை ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டு நான் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா கதவுக்கு வெளியே போகும்வரை காத்திருந்தவள் மாதிரி உடனே பேச ஆரம்பித்தாள். ஆறு மாதம் தன்னை எங்காவது ஒரு விடுதியில் சேர்த்துவிட முடியுமா என்று கேட்டாள். தன் மாதிரிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடங்கள் இருப்பதாகப் போனில் தேடி வைத்திருந்தாள். சேலத்திலேயே ஒன்று இருக்கிறதாம்.

"நீங்க சொல்லுங்கக்கா. நான் சொன்னா அம்மா அழுகும்," என்றாள்.

நான் சொன்னேன். அக்கா அழவில்லை. என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். மகளிடமும் இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள் அந்தப் பெண்ணே அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு, அம்மாவின் இரண்டு கையும் போய்க்கொண்டிருக்கிறது, நீ வராவிட்டால் இரண்டு பேரும் படுக்கையில்தான் என்று சொல்லியிருக்கிறாள். அவர் ரிக் முதலாளியிடம் சொல்லிக்கொண்டு ரயிலேறிவிட்டார்.

அவர் வந்தபின் அக்கா ஒப்புக்கொண்டார். முதுகுத் தசையை எடுத்துக் கட்டும் அறுவை நல்லபடி நடந்தது. வலது கையை உடம்பிலிருந்து விலக்கி ஒரு சட்டத்தில் வைத்துக் கட்டினோம். யாரையோ வழிமறிப்பவர் மாதிரி கையை நீட்டிக்கொண்டு ஆறு வாரம் இருந்தார். அந்த ஆறு வாரமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது கைவலிக்காக அல்ல. கணவர் நெடுநெடுவென்ற, கூச்சமுள்ள மனிதர். பூமியைத் துளைக்கத் தெரிந்தவருக்கு மகளைத் தூக்கத் தெரியவில்லை. முதல் வாரம் அவள் தலை கதவில் இடித்தது, கால் கட்டிலில் சிக்கியது. ஒவ்வொரு தடவையும் அக்கா பக்கத்தில் நின்று கத்திக்கொண்டே இருந்தாராம். தோளுக்கடியில் கை குடு, மொழங்காலுக்கடியில் குடு, மூச்சு விட்டாளா பாரு.

இரண்டாவது மாதம் அவர்கள் மூவரும் சிகிச்சைக்கு வந்தபோது, அப்பா மகளை வேனிலிருந்து லாவகமாகத் தூக்கி இறக்கினார். ஏதோ சொன்னார். அந்தப் பெண் சிரித்தாள். அவள் சத்தம் போட்டுச் சிரித்து நான் அன்றுதான் கேட்டேன். அக்கா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு சந்தோஷமாக இருந்தது. அக்காவின் முகத்தை நான் சரியாகக் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

சட்டத்தை எடுத்தபின் பயிற்சி ஆரம்பித்தது. முதுகுத் தசைக்குக் கையைக் கீழே இழுக்கத்தான் தெரியும். அதனால், தூக்குகிறேன் என்று நினைக்காமல், முழங்கையை விலாவோடு சேர்த்து அமுக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டே தூக்க வேண்டும். அக்காவுக்கு அது மூன்று வாரம் பிடிபடவில்லை. கண்ணீர் வந்துவிடும். நான்காவது வாரம் ஒரு நாள், கை ஒரு நடுக்கத்தோடு தானாக ஏறியது. மார்பு, தாடை, நெற்றி. உடம்பைச் சாய்க்கவில்லை, வீசவில்லை. நான் கைதட்டிவிட்டேன். நான்காம் மாதக் கடைசியில் அவர் அந்தக் கையாலேயே தலைமுடியை அள்ளி முடிந்தார். இனி உங்கள் கை உங்களுக்குத்தான் அக்கா என்றேன். அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. ஒரு வார்த்தை சேர்த்து, இன்னும் எட்டு வாரம் எதையும் தொடாதீர்கள் என்று அன்று சொன்னேனா என்று பலமுறை நினைவைத் துழாவிப் பார்த்திருக்கிறேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த வாரம் அவர்கள் வரவேண்டிய நாளில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல் வந்தார்கள். வலது கை பழையபடி தொங்கிக்கொண்டிருந்தது. பழையதைவிட மோசமாக. முதுகின் ஓரத்தில் தசை உருண்டு கட்டியாக நின்றது. தொட்டதுமே தெரிந்துவிட்டது.

என்ன நடந்தது என்று மகள்தான் சொன்னாள். பள்ளிபாளையத்தில் ஒரு கருமாதி. அப்பா காலையில் போய்விட்டு மதியத்துக்குள் திரும்புவதாக ஏற்பாடு. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பெண்ணும் பத்து மணிக்கு வந்திருக்கிறாள். இன்னும் நேரமாகும், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று அக்கா அவளை அனுப்பிவிட்டார். பிறகு மகளிடம் வந்து, குளிக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் அம்மா, அப்பா வரட்டும் என்றாள். அந்த வார்த்தைக்குப் பிறகு அக்கா எதுவும் பேசவில்லையாம். தோளுக்கடியில் ஒரு கை, முழங்காலுக்கடியில் ஒரு கை. தூக்கிவிட்டார். ஐந்தாறு எட்டு நடந்தும்விட்டார். குளியலறை வாசலில் அறுந்தது.

"அப்பவும் அம்மா என்னைய விடலீங்கக்கா," என்றாள். "செவுத்துல சாஞ்சு அப்படியே உக்காந்துருச்சு. கத்தட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னுச்சு. அப்பா வர்ற வரைக்கும் மடியிலயே வச்சிருந்துச்சு."

இரண்டு மணி நேரம்.

மருத்துவர் படத்தைப் பார்த்தார். கட்டிய தசை எலும்பிலிருந்து பிய்ந்து வந்துவிட்டது. மறுபடி திறந்து கட்டிப் பார்க்கலாம், நிற்கும் என்று சொல்ல முடியாது, இடது தோளையாவது இப்போதே காப்பாற்ற வேண்டும் என்றார். எடுத்துவர உடம்பில் இனி நல்ல தசை அதிகம் இல்லை. அக்கா இந்த முறை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வழி தெரியாத ஊரில் இறங்கிவிட்டவர் மாதிரி சுவரில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம். நான்கு மாத உழைப்பு, என்னுடையதும்தான். என் அறைக்குக் கூட்டிவந்து, ஒரு அரை நாள் பொறுத்திருக்கக் கூடாதா அக்கா, பக்கத்து வீட்டுப் பெண்தான் உதவிக்கு வந்தாளே என்று கேட்டுவிட்டேன். குரலை நான் உயர்த்தியிருக்கக் கூடாது.

"நாலு மாசம் பொறுத்தேன் சாமி," என்றார். "மொதல்ல எல்லாம் தாகமெடுத்தாலும் அம்மாம்பா, கால் மரத்தாலும் அம்மாம்பா. இப்ப கண்ணு முழிச்சதும் அப்பான்னுதான் கூப்புடறா. அவ மேல தப்பில்ல. நான் எதுக்குத்தான் ஆவேன்? ஒருக்கா, ஒரே ஒருக்காத் தூக்கிப் பாத்துக்கலாமுன்னு நெனச்சேன்."

அவர் தோளில் என்ன அறுந்தது என்று எனக்குப் படம் போட்டுக் காட்டத் தெரியும். அந்தக் காலை பத்து மணிக்கு அவருக்குள் என்ன அறுந்தது என்பதைப் பார்க்க எங்களிடம் ஸ்கேன் இல்லை. அவர் மடியில் கிடந்த கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். முதன்முறையாக, தன்னிடம் இருப்பதை ஒருவர் வாங்கிக்கொள்ள அவர் விட்டார். அதற்குக்கூட பலம் இல்லாததால்தான் விட்டாரோ என்னவோ.

மறு அறுவைக்கு அவர் சம்மதிக்கவில்லை. கணவர் ரிக் வண்டிக்குத் திரும்பிப் போகவில்லை. அக்கா பார்த்த அதே பண்ணையில் அக்கா பார்த்த வேலைக்குச் சேர்ந்தார்.

ஒரு வருடம் கழித்து எனக்குத் திருமணம் நிச்சயமாகி ஊரைவிட்டுக் கிளம்பும் முன், பத்திரிகை கொடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மதியம். கணவர் சாப்பாட்டு நேரத்துக்குப் பண்ணையிலிருந்து வந்திருந்தார். மகளைக் கட்டிலிலிருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார். அவர் குனிகிறபோதே அக்கா எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். உட்காரவைத்த சத்தம் கேட்டபிறகுதான் திரும்பி வந்தார். இளைத்திருந்தார். தலையைப் பக்கத்து வீட்டுப் பெண் வாரிவிடுவதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது தரையைப் பார்த்தார். இடது தோளும் இப்போது பாதிக்குமேல் எழும்பவில்லை.

ஒரு கிண்ணத்தில் ரசம் சாதம் பிசைந்து எடுத்துக்கொண்டு மகளின் அருகே உட்கார்ந்தார். வலது முழங்கையை நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றிக்கொண்டார். தோள் போனாலும் முழங்கை மடங்கும். கைப்பிடியிலிருந்து அவள் வாய் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. உருண்டை உருண்டையாக ஊட்டினார். அந்தப் பெண் ஒவ்வொரு வாய்க்கும், இன்னும் சின்னதா அம்மா, உப்பு போதலை அம்மா, தண்ணி அம்மா என்று ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தாள். அக்கா எழுந்து உப்பு எடுத்துவந்தார், மறுபடி எழுந்து தண்ணீர் எடுத்துவந்தார். பதினெட்டு வயதுப் பெண்ணின் வாயை முந்தானையால் துடைத்துவிட்டார். சாப்பாடு முடிய முக்கால் மணி நேரம் ஆனது.

நான் கிளம்பியபோது கணவர் பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்தார். வழியில், மகளுக்குக் கை முன்னைவிட நன்றாக வருகிறது, சேலத்து விடுதிக்காரர்களிடம் போனில் கேட்டு வாங்கிய வளைந்த கரண்டி ஒன்றை வைத்துக்கொண்டு அவளே சாப்பிட்டுவிடுவாள், ஒரு பருக்கை கீழே விழாது என்றார்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவங்கம்மா வூட்டுல இருந்தா மட்டும் அவளுக்குக் கை வராதுங்க," என்றார்.